உச்சத்தில் மோதியிருந்தால்? பழைய குத்துச்சண்டைகளை வைத்து வாதிட ஒரு முழுமையான வழிகாட்டி

லாரி ஹோம்ஸ், மைக் டைசன் என்ற இரண்டு ஹெவிவெயிட் (மிகக் கனமான எடைப் பிரிவு) சாம்பியன்களைப் பற்றிப் பேச்சு வரும். "அன்றைக்கு ஹோம்ஸுக்கு வயசாகிவிட்டது, அதனால்தான் டைசன் ஜெயித்தார்" என்று ஒருவர் ஆரம்பிப்பார். "எந்த வயசு ஹோம்ஸாக இருந்தாலும் டைசன் சுருட்டிப் போட்டிருப்பார்" என்பார் இன்னொருவர். பத்து நிமிடத்தில் குரல் உயரும். அரை மணியில் பேச்சு முகமது அலிக்குத் தாவிவிடும். ஹோம்ஸும் டைசனும் தொடங்கிய இடத்திலேயே நிற்பார்கள்.

பல வருஷம் நானும் இப்படித்தான் கத்திக்கொண்டிருந்தேன். வாதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் அறியாமை அல்ல, வரிசை தப்புவதுதான். முடிவை முதலில் சொல்லிவிட்டு ஆதாரத்தை அப்புறம் தேடுகிறோம்.

இந்த வழிகாட்டி ஒரு வகைக் கேள்விக்கு மட்டும்: உண்மையிலேயே நடந்த ஒரு சண்டை, ஆனால் ஒருவரோ இருவரோ உச்சத்தில் இல்லாதபோது நடந்தது. சந்திக்கவே சந்திக்காத இருவரைப் பற்றிய வாதம் வேறு ஜாதி. அதில் கற்பனை அதிகம். இதில் நடந்த சண்டை என்ற சாட்சி கையில் இருக்கிறது. ஆனால் அது பாதி உண்மை சொல்லும் சாட்சி. எந்தப் பாதி என்று பிரிப்பதுதான் வேலை.

உதாரணத்துக்கு 1988 ஜனவரி 22, அட்லாண்டிக் சிட்டியில் நடந்த டைசன்–ஹோம்ஸ் சண்டையை எடுத்துக்கொள்கிறேன். டைசனுக்கு 21 வயது, ஹோம்ஸுக்கு 38. நான்காவது ரவுண்டில் நாக் அவுட்.

1. உட்காரும் முன் கையில் இருக்க வேண்டியவை

நடந்த சண்டையின் முழு வீடியோ. அதோடு ஒவ்வொருவருக்கும் குறைந்தது மூன்று பழைய சண்டைகள், அவையும் முழுசாக. இருவரின் சண்டைப் பட்டியல், தேதி, எடை, முடிவோடு. ஒரு நோட்டு.

ஹைலைட்ஸ் வேண்டாம். அதில் விழுந்த குத்து மட்டும்தான் இருக்கும். காற்றில் போன குத்து, கட்டிப்பிடித்து ஓட்டிய நேரம், மூச்சு வாங்கிய ரவுண்டு எதுவும் இருக்காது. டைசனை ஹைலைட்ஸில் மட்டும் பார்த்தவருக்கு அவர் 12 ரவுண்டு முழுதும் ஆடிய சண்டைகள் இருப்பதே தெரியாது.

முதல் தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள். வர்ணனையாளர் குரலை ஏற்றினால் சாதாரணக் குத்தும் இடியாகத் தெரியும். இரண்டாம் தடவை கைகளை விட்டுவிட்டு, கால்களை மட்டும் பாருங்கள். வயது முதலில் தெரிவது அங்கேதான்.

2. கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"யார் பெரியவர்?" என்பதும் "யார் ஜெயிப்பார்?" என்பதும் இரண்டு கேள்விகள். புதிதாக வருபவர்கள் முதல் கேள்விக்கான ஆதாரத்தை இரண்டாவதற்குக் கொண்டுவருவார்கள். மார்சியானோ 49 சண்டையிலும் தோற்காதவர் என்பது அவர் பெருமை. 1938-ன் ஜோ லூயிஸ் விடும் இடது ஜாபை (முன்கையை நேராக நீட்டி விடும் வேகக் குத்து) அவர் எப்படித் தாண்டி உள்ளே வருவார் என்பதற்கு அதில் பதில் கிடையாது.

நான் எழுதும் வாக்கியம் இது: "1979 செப்டம்பரில் ஷேவர்ஸோடு மோதிய ஹோம்ஸும் 1988 ஜனவரியின் டைசனும் 12 ரவுண்டு மோதினால் யார், எப்படி ஜெயிப்பார்?" தேதி, ரவுண்டு, "எப்படி" மூன்றும் இருக்க வேண்டும். ஏன் இந்தத் தேதிகள், ஏன் 12 என்று கீழே வரும். எழுதிய பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். எழுதாவிட்டால் தோற்கும் பக்கம் நடுவில் கேள்வியையே மாற்றிவிடும். கெட்ட எண்ணத்தில் இல்லை, பேச்சு வேகத்தில் தானாகவே அது நடக்கும்.

3. நடந்த சண்டையில் எதை நம்பலாம், எதை விடலாம்

முதலில் குறைகளைப் பட்டியலிடுங்கள்: வயது, இடைவெளி, எடை, காயம், தயாராகக் கிடைத்த நேரம். ஹோம்ஸ் கடைசியாக ஆடியது 1986 ஏப்ரலில், ஸ்பிங்க்ஸுடன். அப்புறம் 21 மாதம் வளையத்துக்குள் வரவில்லை. அவருடைய நல்ல நாட்களில் எடை 210 பவுண்டை ஒட்டி இருக்கும், அன்றைக்கு 225-ஐத் தாண்டியிருந்தது. டைசன் பக்கம் குறையாகச் சொல்ல ஒன்றுமில்லை. ஆக, இந்த வாதத்தில் நகர்த்த வேண்டியவர் ஒருவர்தான். பலர் இதைச் சரிபார்க்காமல் இருவரையும் நகர்த்திக் குழம்புவார்கள்.

அடுத்து, வயது எதைத் தின்னும், எதை விட்டுவைக்கும் என்று பிரியுங்கள். கால், அனிச்சை வேகம், அடிபட்டபின் தெளியும் வேகம் மூன்றும் முதலில் போகும். குத்தின் கனம் கடைசி வரை தங்கும். ஃபோர்மன் 45 வயதில், 1994-ல், மைக்கேல் மூரரை 10-ஆவது ரவுண்டில் சாய்த்தது அதனால்தான். எனவே "வயசாகிவிட்டது" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், வயதால் என்ன போனது என்று சொல்லுங்கள்.

சில சண்டைகளை மொத்தமாக ஒதுக்கிவிட வேண்டியிருக்கும். 1980 அக்டோபரில் ஹோம்ஸ் அலியை வென்றது அப்படிப்பட்டது. 38 வயது அலி எடை குறையத் தைராய்டு மருந்து எடுத்துக்கொண்டு வந்தார். 10 ரவுண்டு முடிந்ததும் அவருடைய கார்னரே (மூலையில் நிற்கும் பயிற்சியாளர் குழு) சண்டையை நிறுத்திவிட்டது. அதை வைத்து இளம் அலியைப் பற்றி ஒரு வரிகூடப் பேச முடியாது. ஹோம்ஸைப் பற்றியும் பெரிதாகப் பேச முடியாது.

டைசன் சண்டை அப்படி இல்லை. அதன் நான்காவது ரவுண்டில் ஒரு தடயம் இருக்கிறது. அதற்கு 6-ஆம் படியில் வருகிறேன்.

4. உச்சத்துக்கு ஒரு தேதி குறியுங்கள்

தேர்ந்தவர்களும் தடுக்கி விழும் இடம் இதுதான்.

உச்சம் என்பது ஒரு மனிதர் ஒரு குறிப்பிட்ட இரவில் இருந்த நிலை. அந்த இரவில் அவரிடம் இருந்ததெல்லாம் உங்களுக்குக் கிடைக்கும். இல்லாதது எதுவும் கிடைக்காது. இதை மறந்தால் ஒட்டுப்போட்ட வீரர் பிறப்பார். அலி ரசிகர்களுக்கு இது கைவந்த கலை. 1966 நவம்பரில் கிளீவ்லாண்ட் வில்லியம்ஸைச் சுற்றிச் சுற்றி வந்த கால்களையும், 1974-ல் கின்ஷாசாவில் கயிற்றில் சாய்ந்து ஃபோர்மனைக் களைக்க வைத்த பொறுமையையும் ஒரே உடம்பில் சேர்த்துவிடுவார்கள். அப்படி ஒரு அலி ஒரு நாளும் இருந்ததில்லை. 1967-லிருந்து 1970 வரை அவர் வளையத்துக்கு வெளியே இருந்தார். கால்கள் போனபின், அதற்கு ஈடாக வந்ததுதான் கயிற்றுத் தந்திரம். கால் வேண்டுமா, தந்திரம் வேண்டுமா, ஒன்றைத்தான் எடுக்கலாம்.

தேதி எடுக்கும்போது மிகப் பிரபலமான வெற்றியை எடுக்கத் தோன்றும். வேண்டாம். டைசன் 1988 ஜூனில் ஸ்பிங்க்ஸை 91 விநாடியில் முடித்தார். பார்க்க அபாரம். ஆனால் எதிராளி 92-ஆவது விநாடியிலும் நின்றால் டைசன் என்ன செய்வார் என்று அந்தச் சண்டை சொல்லாது. 1987 ஆகஸ்டில் டோனி டக்கரோடு ஆடிய 12 ரவுண்டு சொல்லும். பளபளப்புக் குறைவு, பாடம் அதிகம்.

ஹோம்ஸுக்கு நான் எடுப்பது 1979 செப்டம்பர் 28, எர்னி ஷேவர்ஸோடு நடந்த இரண்டாவது சண்டை. வயது 29. எதிரில் அந்தக் காலத்தின் மிகக் கனமான வலது கைகளில் ஒன்று. ஏழாவது ரவுண்டில் ஹோம்ஸ் விழுந்தார், எழுந்தார், 11-ஆவதில் முடித்தார். 1982-ல் ஜெர்ரி கூனியை வென்ற இரவைத்தான் எடுக்க வேண்டும் என்று சொல்பவர்களும் உண்டு. அவர்களோடு மல்லுக்கு நிற்க மாட்டேன், ஆனால் ஒன்றை எடுத்தால் அதிலேயே நிற்க வேண்டும்.

தேதியோடு எடையும் நகரும் என்பதை மறக்காதீர்கள். ஹெவிவெயிட்டில் இது பெரிய விஷயமில்லை. கீழ்ப் பிரிவுகளில் வாதமே கவிழ்ந்துவிடும். ஹாக்லர்–லியோனார்ட் 1987 ஏப்ரலில் மிடில்வெயிட்டில், 160 பவுண்டில் நடந்தது. "இருவரையும் உச்சத்துக்குக் கொண்டுபோவோம்" என்று 1981-க்குப் போனால், ஹாக்லர் அதே 160-ல் இருப்பார், லியோனார்ட் 147 பவுண்டு வெல்டர்வெயிட்டாக நிற்பார். வேகமான கால்கள் கிடைத்தன, 13 பவுண்டு போனது. எந்த எடையில் மோதல் என்று சொல்லாமல் அந்த வாதத்தைத் தொடங்கவே கூடாது.

5. விதிகளை முன்பே ஒத்துக்கொள்ளுங்கள்

15 ரவுண்டா, 12 ரவுண்டா? 1982 நவம்பரில் ரே மன்சினியோடு மோதிய கொரிய வீரர் கிம் டுக் கூ இறந்த பிறகு, பட்டச் சண்டைகள் சில ஆண்டுகளில் படிப்படியாக 12 ரவுண்டுக்கு மாறின. அந்த மூன்று ரவுண்டு சின்ன விஷயமில்லை. 1981-ல் லியோனார்ட் ஹெர்ன்ஸை நிறுத்தியது (மேற்கொண்டு ஆட முடியாதபடி செய்து ஜெயித்தது) 14-ஆவது ரவுண்டில், அதுவும் மூன்று ஜட்ஜுகளின் புள்ளி அட்டையிலும் ஹெர்ன்ஸ் முன்னால் இருந்தபோது. 12-ல் முடிந்திருந்தால் வரலாறே வேறு.

எனக்கு ஒரு எளிய விதி உண்டு: இருவருக்கும் ஆதாரம் இருக்கும் நீளத்தை எடு. டைசன் 15 ரவுண்டு ஆடியதே இல்லை. 13, 14, 15-ஐ எதை வைத்து நிரப்புவது? ஆகவே 12.

வளையத்தின் அளவு, கையுறை, எடை பார்ப்பது அதே நாளா முந்தின நாளா என்பதெல்லாம் ஒரு வரியில் முடித்துவிடலாம். நடுவர் கட்டிப்பிடிப்பதை எவ்வளவு விடுவார் என்பதை மட்டும் கொஞ்சம் பேசுங்கள். டைசனைப் போல உள்ளே புகுந்து அடிப்பவர்களுக்கு எதிரான சண்டையில் பாதி அதில்தான் இருக்கிறது.

6. பாணியோடு பாணியைப் பொருத்துங்கள்

"வேகமானவர்", "பலசாலி", "அறிவாளி". இந்த மூன்று சொற்களையும் ஒரு மணி நேரம் தடை செய்துவிடுங்கள். அதற்குப் பதில்: யாருடைய எந்தக் குத்து, எந்தத் தூரத்திலிருந்து, எதன் மேல் விழும்?

ஹோம்ஸின் கைவீச்சு 81 அங்குலம், டைசனுடையது 71. முதல் கேள்வி அந்த ஜாப். 1979-ல் அது ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருக்கும், கால் அதற்குப் பின்னால் நகர்ந்தபடி. 1988-ல் முதல் மூன்று ரவுண்டு அந்தக் கை பெரும்பாலும் நீட்டி வைத்த தடியாகத்தான் இருந்தது, தள்ளவும் பிடிக்கவும்.

இப்போது அந்த நான்காவது ரவுண்டு. திடீரென்று ஹோம்ஸ் நுனிக்காலில் எழுகிறார். பழைய மாதிரி நகர்கிறார், ஜாப் விழுகிறது. சில நொடிகளுக்கு 1979 எட்டிப் பார்க்கிறது. அப்புறம் டைசனின் வலது வந்து விழுகிறது, ஹோம்ஸ் சாய்கிறார். எழுகிறார், மறுபடி விழுகிறார், மறுபடி எழுகிறார். ரவுண்டு முடிய சில விநாடிகள் இருக்கும்போது, அப்பர்கட் (கீழிருந்து மேலே போகும் குத்து) வீச இழுத்த ஹோம்ஸின் வலது கை கயிற்றில் மாட்டுகிறது. அடுத்து வந்த வலதோடு கதை முடிகிறது. 75 சண்டைகளில் ஹோம்ஸை ஒருவர் நிறுத்தியது இந்த ஒரு தடவைதான்.

பலரும் இதை "வயசு" என்று எழுதி மூடிவிடுவார்கள். கொஞ்சம் நில்லுங்கள். 1979-ல் ஷேவர்ஸ் அவரை வீழ்த்தியதும் வலது கையால்தான். 1981-ல் ரெனால்டோ ஸ்னைப்ஸ் வீழ்த்தியதும் வலதால்தான். அன்று எழுந்தவர் தடுமாறிப்போய் மூலைத் தூணில் மோதினார். அப்படியும் 11-ஆவது ரவுண்டில் ஜெயித்தார். ஆக, வலது கைக்கு இடம் கொடுப்பது 38 வயதில் வந்த குறை இல்லை. நல்ல நாளிலும் இருந்தது. வயது மாற்றியது அதற்கு அடுத்த அரை நிமிடத்தை. உச்சத்தில் எழுந்து, கட்டிப்பிடித்து, காலைத் தேடிப் பிடித்து மறுபடி ஜாபுக்குப் போனார். 1988-ல் எழ முடிந்தது, மற்றது முடியவில்லை.

எனவே வாதத்தின் நெஞ்சு "டைசனால் அவரைத் தொட முடியுமா?" என்பதில் இல்லை. தொடுவார். விழுந்த ஹோம்ஸை ஷேவர்ஸும் ஸ்னைப்ஸும் முடிக்க முடியாமல் விட்டதை டைசன் விடுவாரா என்பதுதான் கேள்வி. இப்படிக் கேள்வி சுருங்கிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

டைசன் பக்கமும் இதே மாதிரி போங்கள். 1986-ல் டில்லிஸ், மிட்ச் கிரீன் இருவரும் 10 ரவுண்டு தாக்குப்பிடித்தார்கள். 1987-ல் போன்க்ரஷர் ஸ்மித் கட்டிப்பிடித்தே 12 ரவுண்டை ஓட்டினார். ஆரம்ப ரவுண்டுகளைத் தாண்டிவிட்டால் டைசன் ஓர் ஆளை நிறுத்துவது கடினமாகிறது என்பதற்கு இவை சாட்சி.

இங்கே யாராவது 1990 டோக்கியோவைக் கொண்டுவருவார்கள்: பஸ்டர் டக்ளஸ் ஜாபால் சாதித்தாரே, ஹோம்ஸ் சாதிக்க மாட்டாரா? தயங்காமல் தடுங்கள். அது உச்சத்து டைசன் இல்லை. பயிற்சியாளர் கெவின் ரூனி போய் ஓராண்டுக்கு மேல் ஆகியிருந்தது. 1988 ஹோம்ஸுக்கு வயதைக் கழித்துக் கொடுத்தவர், டைசனின் மோசமான இரவையும் கழித்தே ஆக வேண்டும். தராசு ஒன்றுதான்.

முக்கோணக் கணக்கும் வேண்டாம். ஃப்ரேசியர் 1971-ல் அலியை வென்றார். ஃபோர்மன் 1973-ல் ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டில் ஆறு தடவை வீழ்த்தினார். அந்தக் கணக்குப்படி 1974-ல் அலிக்கு மூச்சே இருந்திருக்கக் கூடாது. எட்டாவது ரவுண்டில் விழுந்தது ஃபோர்மன்.

7. ரவுண்டு ரவுண்டாக நடத்திப் பாருங்கள்

நோட்டில் நான்கு கட்டம் போடுங்கள்: 1–3, 4–6, 7–9, 10–12. ஒவ்வொன்றிலும் என்ன நடக்கும் என்று இரண்டு வரி, பக்கத்தில் அதற்குச் சாட்சி சொல்லும் பழைய சண்டை. சாட்சி இல்லாத வரியை அடித்துவிடுங்கள். இது கடுமையாகத் தோன்றும், ஆனால் நம் ஆசைகளெல்லாம் வெளியேறுவது இந்தப் படியில்தான்.

என் நோட்டில்: 1–3 டைசனுக்கு, ஹோம்ஸ் ஒரு தடவை விழக்கூடும். 4–6 சமம், ஜாப் வேலை செய்யத் தொடங்கும். 7–9 ஹோம்ஸ், டைசன் ஒரு நேரத்தில் ஒரு குத்துக்காகக் காத்திருக்க ஆரம்பிப்பார், டக்கர் சண்டையில் போல. 10–12 ஹோம்ஸ்.

சண்டை புள்ளியில் முடிந்ததாக இருந்தால் இன்னும் சுத்தமான வழி உண்டு. எத்தனை ரவுண்டு கை மாற வேண்டும் என்று எண்ணுங்கள். 2015 மே மாதம் மேவெதர் பக்கியாவோவை வென்றபோது அட்டைகள் 118-110, 116-112, 116-112. ஒரு ரவுண்டை ஜெயித்தவருக்கு வழக்கமாக 10 புள்ளி, தோற்றவருக்கு 9. அதாவது ரவுண்டுக் கணக்கில் 10-2, 8-4, 8-4. பக்கியாவோ ஜெயிக்க இரண்டு அட்டை போதும். அந்த இரண்டிலும் மூன்று ரவுண்டு கை மாற வேண்டும். இனி "2009-ல் நடந்திருந்தால் பக்கியாவோதான்" என்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: எந்த மூன்று ரவுண்டு, ஏன்? ஹாட்டனையும் கோட்டோவையும் நிறுத்திய அந்த வருஷத்து வேகம் அதற்குப் போதும் என்று அவர் காட்டலாம். அதே காலத்து மேவெதருக்கும் கால்கள் இன்னும் நன்றாக இருந்தன என்று நீங்கள் காட்டலாம். பேச்சு அப்போது தரையில் நடக்கும்.

ஹாக்லர்–லியோனார்டில் இது இன்னும் சுவாரசியம். லியோனார்டுக்கு 118-110, 115-113, ஹாக்லருக்கு 115-113. அந்த நடு அட்டையில் ஒரே ஒரு ரவுண்டு ஹாக்லருக்குப் போயிருந்தால் சண்டையே டிரா.

8. எதிர்த் தரப்பை உங்கள் கையால் எழுதுங்கள்

முடிவு சொல்வதற்கு முன் பக்கம் மாறுங்கள். எதிராளி சொல்லக்கூடிய மிக வலுவான மூன்று வரிகளை நீங்களே எழுத வேண்டும், அவர் படித்துவிட்டு "ஆமாம், இதைத்தான் சொல்கிறேன்" என்று ஒத்துக்கொள்ளும் அளவுக்கு.

நான் எப்போதும் ஹோம்ஸ் கட்சி. ஒரு முறை நண்பர் ஒருவர் என்னை டைசனுக்காக வாதாட வைத்தார். சங்கடத்தோடு ஸ்னைப்ஸ் சண்டையை எடுத்துப் பார்த்தபோதுதான் அந்த வலது கை விஷயம் உறைத்தது. அதற்கு முன் அந்தச் சண்டையை நாலைந்து தடவை பார்த்திருப்பேன். ஹோம்ஸ் எழுந்ததை மட்டுமே பார்த்திருக்கிறேன், எதனால் விழுந்தார் என்று பார்க்கவே இல்லை.

9. முடிவை எண்ணிக்கையில் சொல்லுங்கள்

"கண்டிப்பாக ஹோம்ஸ்தான்" என்று சொன்னால் அதோடு பேச்சு முடிந்தது. "பத்துத் தடவை மோதினால் ஹோம்ஸுக்கு ஆறு, எல்லாம் புள்ளியில் அல்லது கடைசி ரவுண்டுகளில், டைசனுக்கு நாலு, எல்லாம் ஐந்தாவது ரவுண்டுக்குள்" என்று சொன்னால் எதிராளிக்குப் பிடித்து இழுக்க ஒரு நுனி கிடைக்கும். அதோடு, எது தெரியவந்தால் மனம் மாறுவேன் என்றும் சொல்லிவிடுங்கள். எனக்கு அது: ஆறாவது ரவுண்டுக்குப் பிறகு, ஓடாமல் ஜாப் போட்டுக்கொண்டிருந்த நல்ல வீரர் ஒருவரை உச்சத்து டைசன் நிறுத்திய சண்டை.

எண்ணைச் சொன்னால் அறிவியலாகிவிட்டது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். 1969-ல் அலியையும், ஓய்வு பெற்றிருந்த மார்சியானோவையும் கேமரா முன் மோதவிட்டு, கணினி சொன்ன முடிவு என்று 1970-ல் திரையிட்டார்கள். 13-ஆவது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட் செய்கிறார். வேறு முடிவுகளையும் முன்கூட்டியே எடுத்து வைத்திருந்தார்கள், ஐரோப்பாவில் அலி ஜெயிக்கும் பதிப்பு ஓடியது! இயந்திரத்துக்குள் எதைப் போட்டார்கள் என்று தெரியாதவரை அதன் முடிவும் டீக்கடை முடிவும் ஒன்றுதான். உங்கள் ஆறு–நாலுக்குப் பின்னால் 7-ஆம் படியின் நோட்டு இருக்க வேண்டும்.

10. முதல் பயிற்சிக்கு ஒரு சண்டை

டைசன்–ஹோம்ஸில் தொடங்காதீர்கள், எல்லோரும் ஏற்கெனவே கட்சி சேர்ந்துவிட்டார்கள். 1951 அக்டோபர் 26 எடுங்கள்: மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 37 வயது ஜோ லூயிஸை 28 வயது மார்சியானோ எட்டாவது ரவுண்டில் நிறுத்தியது.

லூயிஸுக்கு 1938 ஜூன் 22, ஷ்மெலிங்கை முதல் ரவுண்டில் முடித்த இரவை வைக்கத் தோன்றும். 4-ஆம் படியை நினைத்துக்கொண்டு, கூடவே ஒரு நீளமான சண்டையையும் சேர்த்துப் பாருங்கள். மார்சியானோவுக்கு 1952 செப்டம்பர் 23, வால்காட்டோடு. முதல் ரவுண்டிலேயே விழுந்து, 12 ரவுண்டு முடிவில் மூன்று அட்டையிலும் பின்தங்கி, 13-ஆவதில் ஒரே வலதால் பட்டத்தைப் பிடித்தார். ரவுண்டு எத்தனை என்பதை அந்த ஒரு குத்தை மனதில் வைத்து முடிவு செய்யுங்கள்.